வனுவாட்டு கேட்ட வினாவும் உலக நீதிமன்றம் அளித்த விடையும்

பாடத்தின் நோக்கம்

புவி வெப்பமடைதல் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் நம் இல்லங்களில் இருவகைப் பேச்சு எழக் காண்கிறோம். "இது பெரிய நாடுகள் செய்த வினை, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்" என்பது ஒன்று. "நாம் ஒருவர் திருந்தினால் உலகம் திருந்திவிடுமா?" என்பது மற்றொன்று. முதற்பேச்சில் உண்மை உண்டு. இரண்டாம் பேச்சில் சோர்வு உண்டு. ஆயினும் இரண்டும் முடிவில் நம்மை ஒரே இடத்திற்குத்தான் கொண்டு சேர்க்கின்றன. எவரும் எதுவும் செய்யாதிருத்தலே அவ்விடம்.

இச்சோர்வுக்கு மறுமொழியாக ஒரு சிறிய நாட்டின் வரலாற்றை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம். அந்நாடு செல்வம் மிக்கதன்று, பெரும்படை உடையதுமன்று. உலகம் முழுவதும் வெளியிடும் கரியமிலவாயுவில் அதன் பங்கு ஒரு விழுக்காட்டின் நூறில் ஒரு கூற்றைக்கூட எட்டாது. ஆகவே அந்நாடு தன் புகையை அடியோடு நிறுத்தினாலும் உலக வெப்பம் இம்மியளவும் குறையப் போவதில்லை. அவ்வாறிருந்தும் வல்லரசுகள் அனைத்தையும் ஒரு நீதிமன்றத்தின் முன் நின்று விளக்கம் கூறச் செய்தது அந்நாடு. அஃது எவ்வாறு இயன்றது என்பதே நாம் கற்க வேண்டுவது.

பெரியோர் இப்பாடத்தை முதலில் ஒருமுறை படித்துக்கொண்டு, பின்னர் உலகப் படத்தை விரித்துவைத்து, எட்டாம் வகுப்பும் அதற்கு மேலும் பயிலும் பிள்ளைகளுக்கு விளக்குமாறு வேண்டுகிறோம்.

நாடும் மக்களும்

படத்தில் ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையிலிருந்து கிழக்கு நோக்கிப் பசிபிக் பெருங்கடலில் விரலை நகர்த்துங்கள். சிதறிய மணிகளைப் போல ஒரு தீவுக்கூட்டம் தென்படும். அதுவே வனுவாட்டு. எண்பதுக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட அந்நாட்டின் மக்கள்தொகை, 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 3 இலட்சம். எஃபாத்தே என்னும் தீவிலுள்ள போர்ட் விலா அதன் தலைநகர். நியூ ஹெப்ரிடீசு என்ற பெயரில் அத்தீவுகளை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கூட்டாக ஆண்டு வந்தனர். ஒரே நிலத்தில் இருவகைக் காவல்துறை, இருவகைப் பள்ளி, இருவகைச் சட்டம் என நடந்த அந்த விந்தையான ஆட்சி 1980ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் முடிவுற்று நாடு விடுதலை பெற்றது.

நூற்றுக்கு மேற்பட்ட தாய்மொழிகள் வழங்கும் அந்நாட்டில் அனைவரையும் இணைக்கும் பொதுமொழி பிஸ்லாமா என்பதாகும். ஆங்கிலச் சொற்கள் பல கலந்து பிறந்த மொழியாயினும், ஆங்கிலத்தில் இல்லாத நுட்பம் ஒன்று அதில் உண்டு. கேட்பவரையும் உளப்படுத்திச் சொல்லும் 'நாம்' வேறு, கேட்பவரை நீக்கிச் சொல்லும் 'நாங்கள்' வேறு எனத் தமிழ் பிரித்துணர்த்துவதை நம் பிள்ளைகள் இலக்கண வகுப்பில் படித்திருப்பர். பிஸ்லாமாவிலும் அவ்வாறே 'யூமி' என்றால் நாம். 'மிஃபாலா' என்றால் நாங்கள். அந்நாட்டு நாட்டுப்பண்ணின் பெயரே 'யூமி, யூமி, யூமி' என்பது. நாம், நாம், நாம் என்று பொருள். இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்வோம். பாடத்தின் இறுதியில் இது மீண்டும் வேண்டப்படும்.

ஓரிரவில் போன ஓராண்டு உழைப்பு

அந்நாட்டு மக்களுள் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்ந்து, கிழங்கு, வாழை, தென்னை முதலியவற்றைத் தம் தோட்டத்தில் பயிரிட்டு உண்பவர்கள். கடலும் தோட்டமும் நலமாயிருந்தால் வீடும் நலமாயிருக்கும். கடல் சீறினால் இரண்டும் ஒருங்கே போம்.

2015ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13ஆம் நாள் இரவு 'பாம்' என்னும் பெயரிடப்பட்ட சூறாவளி அத்தீவுகளைத் தாக்கியது. சூறாவளிகளை வலிமையால் ஐந்து படிகளாகப் பிரிப்பர். 'பாம்' ஐந்தாம் படியைச் சார்ந்தது. காற்று மணிக்கு ஏறத்தாழ 250 கி.மீ. விரைவில் வீசியது. வீடுகள், பள்ளிகள், தோட்டங்கள் எனக் கணக்கிட்ட இழப்பு ஏறத்தாழ 45 கோடி அமெரிக்க டாலர். அந்நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் இது 64 விழுக்காடு. ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் உழைத்து ஈட்டும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் அறுபத்து நான்கு ரூபாயை ஓரிரவில் எவரோ எடுத்துச் சென்றால் எவ்வாறிருக்கும் என்று பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள். அவ்வேளையில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் பால்ட்வின் லான்ஸ்டேல் ஜப்பானிலுள்ள செண்டாய் நகரில், பேரிடர்களைக் குறைப்பது எவ்வாறு என்பதை ஆராயும் ஐக்கிய நாடுகள் மாநாட்டில் இருந்தார். அந்த மேடையிலேயே அவர் தம் மக்களுக்காக உலகத்திடம் உதவி வேண்டி நின்றார்.

2020ஆம் ஆண்டு ஏப்ரலில் 'ஹெரால்ட்' என்னும் சூறாவளி வந்தது. அதுவும் ஐந்தாம் படியே. 2023ஆம் ஆண்டு மார்ச்சின் தொடக்கத்தில் 'ஜூடி', 'கெவின்' என இரண்டு சூறாவளிகள் மூன்று நாள்களுக்குள் அடுத்தடுத்துத் தாக்கின. ஒன்றில் பெயர்ந்த கூரையை மற்றொன்று வருமுன் எவ்வாறு வேய்வது?

புவி வெப்பத்திற்கும் சூறாவளிக்கும் உள்ள தொடர்பைச் சுருங்கக் கூறுவோம். சூறாவளிக்கு உணவு கடல்நீரின் வெப்பம். கடல் வெப்பமடைந்தால் சூறாவளிகளின் எண்ணிக்கை மிகும் என்று கொள்ள வேண்டியதில்லை. தோன்றுகின்றவற்றுள் கடுமையானவற்றின் விகிதம் மிகும் என்பதே அறிவியலார் முடிபு. கடல்மட்டமும் உயர்ந்து வருவதால், புயலின்போது எழும் அலை முன்னைவிட உள்நிலம் வரை ஏறும். அவ்வெப்பத்திற்குத் தலையாய காரணம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்தல். எரித்தவர்கள் ஓரிடத்தார், இழப்பவர்கள் வேறிடத்தார். இந்த முறையின்மைதான் வனுவாட்டை வினா எழுப்பச் செய்தது.

முதல் முயற்சி: 1991

சூறாவளிகள் வந்த பின்னரே அந்நாடு விழித்துக்கொண்டது என எண்ணிவிடக் கூடாது. 1990ஆம் ஆண்டில் சிறு தீவு நாடுகளின் கூட்டணி என ஓர் அமைப்பு உருவாயிற்று. அதன் முதல் தலைவராக விளங்கியவர் ஐக்கிய நாடுகள் அவையில் வனுவாட்டின் தூதராயிருந்த ராபர்ட் வான் லியராப். உலகக் காலநிலை உடன்படிக்கைக்கான பேச்சு நடந்துகொண்டிருந்த 1991ஆம் ஆண்டில், கூட்டணியின் சார்பில் வனுவாட்டு ஒரு திட்டத்தை முன்வைத்தது. கடல்மட்டம் உயர்வதால் நிலமும் உடைமையும் இழக்கும் தாழ்நில நாடுகளுக்கு ஈடு வழங்க ஒரு பன்னாட்டுக் காப்பீட்டு நிதி அமைக்க வேண்டும். அதற்குரிய தொகையைச் செல்வ நாடுகள் தத்தம் வருமான அளவுக்கும், வெளியிடும் கரியமிலவாயுவின் அளவுக்கும் ஏற்பச் செலுத்த வேண்டும் என்பது அத்திட்டம்.

செல்வ நாடுகள் இதனை ஏற்கவில்லை. 1992ஆம் ஆண்டில் நிறைவேறிய உடன்படிக்கையில் 'காப்பீடு' என்னும் சொல் மட்டும் ஓரிடத்தில் தங்கிற்று; நிதி தங்கவில்லை. பின்னர் 2022ஆம் ஆண்டு எகிப்து நாட்டு ஷர்ம் எல் ஷேக் நகரில் நடந்த மாநாட்டில்தான், இழப்புக்கும் சேதத்துக்கும் உரிய நிதியம் ஒன்றை அமைக்க உலக நாடுகள் இசைந்தன. விதைத்ததற்கும் முளைத்ததற்கும் இடையே 31 ஆண்டுகள். மறு ஆண்டு துபாய் மாநாட்டில் அந்நிதியத்திற்கு உலக நாடுகள் அனைத்தும் சேர்ந்து அளிப்பதாகக் கூறிய தொகை ஏறத்தாழ 70 கோடி டாலர். 'பாம்' சூறாவளி ஒரே இரவில் ஒரே நாட்டில் விளைத்த இழப்போ 45 கோடி டாலர். இவ்விரண்டு எண்களையும் அருகருகே எழுதிக் காட்டினால், வேறு விளக்கமின்றியே பிள்ளைகள் நிலைமையை உணர்வர்.

மாணவர் இருபத்தெழுவர்

பேச்சுவார்த்தையால் மட்டும் நீதி கிட்டாது என்பது விளங்கிய பின், அடுத்த வழி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு வகுப்பறையிலிருந்து வந்தது. ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த நமக்கு இப்பகுதியே பெருமகிழ்ச்சி தருவது.

தென் பசிபிக் பல்கலைக்கழகம் என்பது தீவு நாடுகள் பல சேர்ந்து நடத்தும் கல்வி நிலையம். அதன் சட்டப் பிரிவு போர்ட் விலா நகரில் உள்ளது. 2019ஆம் ஆண்டில் அங்குப் பயின்ற மாணவர் 27 பேர், காலநிலைக் கேட்டிற்கு எதிராகச் சட்டத்தின் வழியில் என்ன செய்யலாம் என்பதை வகுப்பில் ஆராய்ந்தனர். பன்னாட்டு நீதிமன்றத்தின் கருத்துரையை நாடுவதே தக்க வழி எனத் தெளிந்தனர். தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்றதோடு அவர்கள் நிற்கவில்லை. பசிபிக் தீவு நாட்டுத் தலைவர்களுக்கு மடல் வரைந்தனர். அவ்வேண்டுகோளைத் தன் கொள்கையாக ஏற்றுக்கொண்ட அரசு வனுவாட்டின் அரசு. அப்போது வெளியுறவு அமைச்சராகவும் பின்னர்க் காலநிலை அமைச்சராகவும் பணியாற்றிய ரால்ஃப் ரெகன்வானு இம்முயற்சியைத் தொடர்ந்து நடத்தினார்.

இதற்கு முன்னர் 2011ஆம் ஆண்டில் பலாவு என்னும் மற்றொரு தீவு நாடு இதே முயற்சியைத் தொடங்கியது, அது கைகூடவில்லை. காரணம் எளிது. பன்னாட்டு நீதிமன்றத்திடம் இத்தகைய கருத்துரையை ஒரு நாடு தனித்துக் கேட்க இயலாது. ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை போன்ற ஓர் அவைதான் கேட்க வேண்டும். ஆகவே உலக நாடுகளுள் பெரும்பான்மையின் ஆதரவைத் திரட்டியாக வேண்டும். வனுவாட்டு முதலில் 18 நாடுகளைக் கொண்ட ஒரு குழுவை அமைத்தது. கண்டங்கள் பலவற்றைச் சேர்ந்த அக்குழு வினாவின் சொற்களை ஒவ்வொன்றாக ஆய்ந்து செதுக்கியது. எவர் மீதும் பழி சுமத்தும் நடையை விலக்கி, சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்கும் நடையை மேற்கொண்டது. சினத்தை அடக்கி வினாவைக் கூர்மையாக்கினால் மறுப்பாரும் மறுக்க வழியின்றி நிற்பர் என்பதற்கு இதுவே சான்று.

2023ஆம் ஆண்டு மார்ச்சின் தொடக்கத்தில் இரட்டைச் சூறாவளி தாக்கிற்று என மேலே கூறினோம். அதே திங்கள் 29ஆம் நாள், தலைமை அமைச்சர் இஷ்மாயில் கல்சகாவ் பொதுப்பேரவையில் நின்று தீர்மானத்தை முன்மொழிந்தார். 132 நாடுகள் அதனை உடன்மொழிந்தன. மிகுதியாகப் புகை வெளியிடும் சீனாவும் அமெரிக்காவும் உடன்மொழியவில்லையெனினும் தடுக்கவும் இல்லை. வாக்கெடுப்பின்றியே தீர்மானம் நிறைவேறியது.

நீதிமன்றத்தின் முன் இரு வினாக்கள்

நெதர்லாந்தின் ஹேக் நகரில் அமைதி மாளிகை என்னும் கட்டடத்தில் பன்னாட்டு நீதிமன்றம் உள்ளது. நீதிபதிகள் பதினைவர். அவர்கள் முன் வைக்கப்பட்ட வினாக்கள் இரண்டு.

முதலாவது: இன்றுள்ளோர்க்காகவும் இனி வருவோர்க்காகவும் காலநிலையைக் காக்க, பன்னாட்டுச் சட்டத்தின்படி நாடுகளுக்கு உள்ள கடமைகள் யாவை?

இரண்டாவது: தம் செயலாலோ, செய்ய வேண்டியதைச் செய்யாமையாலோ காலநிலைக்குப் பெருங்கேடு விளைத்த நாடுகளுக்குச் சட்டத்தின்படி நேரும் விளைவுகள் யாவை?

2024ஆம் ஆண்டு டிசம்பர் 2 முதல் 13 வரை வாய்மொழி விசாரணை நடந்தது. 96 நாடுகளும் 11 பன்னாட்டு அமைப்புகளும் நீதிமன்றத்தில் பேசின. அந்நீதிமன்றத்தின் வரலாற்றில் இத்தனை பேர் கலந்துகொண்ட விசாரணை முன்பு நடந்ததில்லை. முதலில் எழுந்து பேசும் வாய்ப்பு வனுவாட்டுக்குக் கிடைத்தது.

இங்கு ஒன்றை விளக்க வேண்டும். நாடுகளுக்கிடையே சட்டம் என்பது இருவகைத்து. கையொப்பமிட்ட ஒப்பந்தங்கள் ஒருவகை. நெடுநாள் வழக்கத்தால் நாடுகள் அனைத்தும் கட்டுப்பட்டதாகக் கருதும் வழக்காற்றுச் சட்டம் மற்றொரு வகை. நம் தெருவில் ஒருவர் தம் வீட்டுச் சாக்கடையை அடுத்த வீட்டு முற்றத்தில் திருப்பிவிடக் கூடாது என்பதற்கு எவரும் எழுதிக் கையொப்பமிட்டதில்லை. எனினும் அஃது எல்லாரும் ஒப்பும் நெறி. நாடுகளுக்கும் அவ்வாறே. கனடாவின் டிரெயில் என்னும் ஊரில் இருந்த உருக்காலையின் நச்சுப்புகை எல்லை கடந்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில விளைநிலங்களைக் கெடுத்தது. அவ்வழக்கில் 1941ஆம் ஆண்டு நடுவர் அளித்த தீர்ப்பு, தன் நிலத்தைப் பயன்படுத்திப் பிறர் நிலத்திற்குக் கேடு செய்யும் உரிமை எந்நாட்டிற்கும் இல்லை என்றது. வனுவாட்டு கேட்டது இதன் விரிவே: ஓர் ஆலையின் புகைக்குப் பொருந்தும் நெறி, ஒரு நூற்றாண்டுப் புகைக்குப் பொருந்தாதா?

அளித்த விடை

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள் நீதிமன்றத் தலைவர் இவாசவா யூஜி கருத்துரையைப் படித்தார். நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அளித்த அக்கருத்துரையின் சாரத்தை ஐந்து கூறுகளாகத் தருகிறோம்.

1. காலநிலையைக் காப்பது நாடுகளின் விருப்பம் அன்று, சட்டக் கடமை. பாரிசு ஒப்பந்தத்தின்படி ஒவ்வொரு நாடும் அறிவிக்கும் திட்டம் பெயரளவில் இருத்தல் போதாது. வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்தும் பொதுக்குறிக்கோளுக்கு உதவும் வகையில், தன்னால் இயன்ற உச்ச அளவினதாக இருத்தல் வேண்டும்.

2. பிறநாட்டுச் சூழலுக்குப் பெருங்கேடு விளையாதவாறு உரிய கவனத்தோடு நடத்தல் வழக்காற்றுச் சட்டக் கடமையுமாகும். ஆதலால் ஒப்பந்தத்தில் சேராத நாடும் இக்கடமையினின்று நீங்கிவிட முடியாது.

3. தூய, நலமான, நிலைத்த சூழல் என்பது மக்களின் பிற உரிமைகளைத் துய்ப்பதற்கு இன்றியமையாத மனித உரிமை.

4. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எடுப்பதும் எரிப்பதும் மட்டுமன்றி, அவற்றைத் தேட உரிமம் வழங்குவதும் மானியம் அளிப்பதும்கூட, உரிய கவனமின்றிச் செய்யப்படின், அரசு இழைத்த சட்டமீறலாகக் கருதப்படலாம். தனியார் நிறுவனங்களின் வெளியீட்டைக் கட்டுப்படுத்தத் தவறுதலும் அவ்வாறே.

5. கடமை தவறிய நாடு அத்தவற்றை நிறுத்த வேண்டும். தவற்றுக்கும் கேட்டிற்கும் இடையே போதிய அளவு நேரான, உறுதியான தொடர்பு மெய்ப்பிக்கப்பட்டால், இழந்ததை மீட்டளித்தல், ஈட்டுத்தொகை வழங்கல் முதலியவற்றையும் செய்ய வேண்டிவரும்.

இவற்றுடன் தீவு மக்களின் அச்சம் ஒன்றையும் நீதிமன்றம் ஒருவாறு நீக்கியது. கடல் ஏறி ஒரு நாட்டின் நிலம் மூழ்கினாலும், அதனாலேயே அந்நாடு நாடு என்னும் தகுதியை இழந்துவிடும் என்று கொள்ள வேண்டியதில்லை என்றது.

நான்காம் கூற்றைப் படிக்கும்போது நம் குடும்பத்தார்க்கு ஒன்று நினைவுக்கு வரும். தீங்கை நேரே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணிப் பழகியவர்கள் நாம். உரிமம் கொடுத்தவனும் மானியம் கொடுத்தவனும் கைகழுவி நிற்க இயலாது என்னும் கருத்து நமக்குப் புதிதன்று.

நம் நாடு கூறியது

பிள்ளைகள் இவ்விடத்தில் தவறாமல் கேட்பர்: இந்தியா என்ன கூறியது? அதே விசாரணையில் நம் நாடும் பேசியது. வெப்பத்திற்குக் காரணமான வாயுக்களை நெடுங்காலமாக வெளியிட்டுச் செல்வம் சேர்த்தவை வளர்ந்த நாடுகள். ஆகவே பொறுப்பும் அவற்றுக்கே மிகுதி என்றது. இருக்கின்ற காலநிலை ஒப்பந்தங்களுக்கு அப்பால் புதிய கடமைகளை நீதிமன்றம் உண்டாக்குதல் வேண்டா என்றும் வாதிட்டது. ஓராண்டு வெளியிடும் கரியமிலவாயுவின் மொத்த அளவில் இந்தியா இன்று மூன்றாம் இடத்தில் உள்ளது. தலைக்கு இவ்வளவு எனப் பகுத்துப் பார்த்தாலோ உலக சராசரியினும் குறைவு. இவ்விரண்டும் உண்மையே. ஒன்றை மட்டும் சொல்லி மற்றொன்றை மறைப்பது கல்வி ஆகாது.

வளர்ந்த நாடுகளே முன்னின்று வழிகாட்ட வேண்டும் என்பதை நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் வளர்ந்த நாடு, வளரும் நாடு என்னும் நிலைகள் என்றும் மாறாதவை அல்ல என்றும் அது சுட்டியது. நம் பிள்ளைகள் நடுவயதை எய்தும்போது இவ்வரி நம்மை நோக்கியும் திரும்பலாம்.

விடையின் எல்லை

நல்ல பாடம் தான் கூறுவதன் எல்லையையும் கூற வேண்டும். இக்கருத்துரை தீர்ப்பு அன்று, அறிவுரை. எந்நாட்டையும் குற்றவாளி எனப் பெயர் சொல்லவில்லை. எவருக்கும் எவ்வளவு ஈடு என்று தொகை குறிக்கவில்லை. அதனை நடைமுறைப்படுத்தக் காவலர் எவரும் இல்லை. ஆயினும் உலகின் உயர்ந்த நீதிமன்றம் சட்டம் இதுவெனக் கூறிய பின், எந்நாட்டு நீதிமன்றத்திலும் எந்த மாநாட்டிலும் வழக்குரைஞர் அதனை எடுத்துக்காட்டலாம். கடமை இருப்பது தெரியாது என்று இனி எந்த அரசும் கூற இயலாது.

காரணத்தை மெய்ப்பித்தலும் எளிதன்று. வனுவாட்டின் வடகோடியில் டோரஸ் தீவுகள் உள்ளன. அவற்றுள் டெகுவா என்னும் தீவில், கடல்நீர் அடிக்கடி புகுந்ததால் லடேயு என்னும் சிற்றூர் மேட்டுநிலத்திற்கு மாற்றப்பட்டது. காலநிலை மாற்றத்தால் முறைப்படி இடம்பெயர்க்கப்பட்ட முதல் ஊர்களுள் ஒன்று என 2005ஆம் ஆண்டில் உலகம் அதனைப் பேசியது. பின்னர் ஆய்வாளர் அளந்து பார்த்தபோது, 1997 முதல் 2009 வரை கடல் உயர்ந்ததோடு, நில அடுக்குகளின் அசைவால் அத்தீவே ஏறத்தாழ 12 செ.மீ. தாழ்ந்திருந்தது தெரியவந்தது. இரு காரணங்களும் சேர்ந்தே ஊரை நீரில் ஆழ்த்தின. விசாரணை முடிந்த நான்காம் நாள், 2024 டிசம்பர் 17ஆம் நாள், போர்ட் விலாவைக் கடுமையான நிலநடுக்கம் தாக்கியது. அதற்கும் புவி வெப்பத்திற்கும் தொடர்பில்லை. எல்லாத் துன்பத்தையும் ஒரே காரணத்தில் ஏற்றிக் கூறுவது வாதத்தை வலுவிழக்கச் செய்யும். உள்ளதை உள்ளவாறு பகுத்துரைப்பவன் சொல்லே அவையில் நிற்கும்.

தன் வீட்டின் ஒழுங்கு

பிறரைக் கேட்கும் முன் வனுவாட்டு தன் இல்லத்தைப் பார்த்துக்கொண்டதா? ஓரளவு பார்த்துக்கொண்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகளுக்கும் உறிஞ்சுகுழல்களுக்கும் 2018ஆம் ஆண்டு ஜூலையிலேயே தடை விதித்தது. 2030ஆம் ஆண்டுக்குள் மின்சாரத்தை ஏறத்தாழ முழுவதும் கதிரவன், காற்று, நீர், தேங்காயெண்ணெய் போன்ற புதுப்பிக்கத்தக்க வழிகளில் ஆக்குவதாக இலக்கு வைத்தது. சிதறிய தீவுகளுக்கு டீசலைக் கப்பலில் கொண்டு செல்லும் செலவு மிகுதி. புதிய ஆலைகளுக்கு முதலீடும் வெளியிலிருந்தே வர வேண்டும். ஆகவே இலக்கை எட்டுவது எளிதன்று. குறை இல்லாதவன்தான் நீதி கேட்கலாம் என்றால், உலகில் எவரும் நீதி கேட்க இயலாது. ஆயினும் தன் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டே கேட்பவனுடைய குரலுக்கு மதிப்பு மிகுதி.

நிறைவுரை

ஒரு நாட்டின் பங்கு அது குறைக்கும் புகையின் எடையால் மட்டும் அளக்கப்படுவதன்று. 1991இல் ஒரு தூதர் முன்வைத்த திட்டம் ஒதுக்கப்பட்டது. 2011இல் மற்றொரு தீவு நாடு தொடங்கிய முயற்சி கைகூடவில்லை. 2019இல் மாணவர் சிலர் மீண்டும் தொடங்கினர். 2025இல் விடை வந்தது. இடையில் ஒரு தலைமுறை வளர்ந்து பெரியவர்களாயிற்று. உரிய வினாவை, உரிய சொற்களில், உரிய அவையில், விடை வரும் வரை சலிக்காமல் கேட்டதே வனுவாட்டின் பங்கு.

நாம் ஒருவர் திருந்தினால் உலகம் திருந்துமா என்று தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இதில் மறுமொழி உண்டு. ஒருவர் திருந்துவதால் மட்டும் உலகம் திருந்தாது. ஆனால் திருந்திய ஒருவர் பிறரையும் கேட்கத் தகுதி பெறுகிறார். புயலும் கடலேற்றமும் தீவினர்க்கு மட்டும் உரிய 'நாங்கள்' என்னும் துன்பம் என உலகம் எண்ணியிருந்தது. அதனை 'யூமி' என்னும் சொல்லுக்கு உரியதாக, 'நாம்' என்பதற்கு உரியதாக, அச்சிறுநாடு மாற்றிக் காட்டியது. கடற்கரை நெடியதாக உடைய நாட்டில் வாழும் நாமும் அச்சொல்லுக்குள் அடங்கியவர்களே.

இல்லத்தில் கலந்துரையாட வினாக்கள்

1. வனுவாட்டு நேரே நீதிமன்றத்தை அணுகாமல் பொதுப்பேரவையின் வழியே சென்றது ஏன்?

2. 'செய்ய வேண்டியதைச் செய்யாமை' எவ்வாறு தவறாகும்? நம் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

3. இந்தியா கூறிய வாதத்தில் நீங்கள் ஏற்பது எது? ஏற்காதது எது? காரணம் கூறுக.

4. டெகுவா தீவின் செய்தி, வனுவாட்டின் வாதத்தை வலுவாக்குகிறதா, தளர்த்துகிறதா? பெரியோரும் பிள்ளைகளும் இரு பக்கமாகப் பிரிந்து உரையாடுக.

5. இம்மாத மின்கட்டணச் சீட்டை எடுத்துச் சென்ற ஆண்டின் சீட்டோடு ஒப்பிடுக. வேறுபாட்டுக்குக் காரணமான ஒரு பழக்கத்தைக் கண்டு எழுதுக.